தடுப்பு வரிசையிலிருந்து நீதிபதி நாற்காலிக்கு



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஒரு வாய் காபியோடு முடியாது. ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாக வாசியுங்கள்.

வரலாறு என்றாலே அரசர்களும் போர்களும்தானா என்று வகுப்பில் முனகியவர்கள் உங்களில் பலர் உண்டு. அவர்களுக்காக இன்று ஒரு விளையாட்டு வீரரின் வரலாறு. நம்மில் பெரும்பாலோர் பார்த்திராத விளையாட்டு, அமெரிக்கன் ஃபுட்பால். அமெரிக்காவில் குடியேறிவிட்ட நம் பிள்ளைகளுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். வீரரின் பெயர் ஆலன் பேஜ்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். பெயர்தான் ஃபுட்பால், காலுக்கு வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதும், தூரத்தில் இருப்பவருக்கு எறிவதும்தான் பெரும்பகுதி. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் மேலும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து கைமாறும். ஒவ்வோர் அணியிலும் தாக்குவதற்கென்று தனியாக 11 பேர், தடுப்பதற்கென்று தனியாக 11 பேர் இருப்பார்கள்.

கபடியை நினைத்துக்கொள்ளுங்கள். பாடி வருபவரைத்தான் ஊரே பார்க்கும். காலைப் பிடித்து மடக்கியவர் யார் என்று வீட்டுக்குப் போகும்போது எவரும் பேசமாட்டார்கள். அமெரிக்கன் ஃபுட்பாலிலும் அதே கதைதான். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் படம் பத்திரிகையில் வரும். அவரைத் தரையில் சாய்ப்பவர் ஏதோ ஒரு பெரிய உருவம், அவ்வளவுதான். ஆலன் பேஜ் அந்தப் பெரிய உருவங்களில் ஒருவர். அவர் நின்ற இடத்துக்கு டிஃபென்சிவ் டேக்கிள் என்று பெயர். தடுப்பு வரிசையின் நடுவில், எதிரணியின் கனத்த ஆட்களுக்கு நேர் எதிரே நிற்க வேண்டும். பந்து அசைந்த நொடியில் அவர்களை இடித்து விலக்கி உள்ளே பாய வேண்டும்.

அவர் பிறந்தது 1945 ஆகஸ்ட் 7 அன்று, ஓஹியோ மாநிலத்தில் உள்ள கேன்டன் நகரில். உருக்காலைகள் நிறைந்த ஊர். ஊர்ப் பையன்களில் பலருக்குப் பள்ளி முடிந்ததும் ஆலை வாசல்தான். ஆபத்தும் அழுக்கும் நிறைந்த, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் அந்தப் பிழைப்பு தனக்கு வேண்டாம் என்று சிறுவயதிலேயே அவர் முடிவு செய்துவிட்டார். படிப்புதான் வழி என்று பெற்றோர் சொல்லி வளர்த்தார்கள். அவருடைய 13ஆம் வயதில் தாயார் இறந்துபோனார்.

1954ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்பு சொன்னது. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்று அரசு பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்ற தீர்ப்பு. 'பிரவுன் வழக்கு' என்பார்கள். அப்போது பேஜுக்கு எட்டு வயது. ஒரு நீதிமன்றம் எழுதும் சில பக்கங்கள் ஒரு நாட்டின் பள்ளிக்கூடங்களையே மாற்ற முடியும் என்பது அந்தக் கறுப்பினச் சிறுவனின் மனத்தில் பதிந்தது. வழக்கறிஞர் ஆக வேண்டும் என்ற ஆசை அந்த நாட்களிலேயே முளைத்தது. பந்து அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உயரமும் வேகமும் சேர்ந்த உடம்பு. ஆட்டத் திறமையால் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. 1966இல் அந்த அணி தேசிய சாம்பியன் ஆனது. பேஜ் அதன் தடுப்பு வரிசையில் ஆடினார். மறு ஆண்டு அரசியல் அறிவியலில் பட்டம் பெற்றார். அதே 1967இல் மினசோட்டா வைக்கிங்ஸ் என்ற தொழில்முறை அணி, புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றிலேயே, 15ஆவது ஆளாக அவரை எடுத்துக்கொண்டது.

மினசோட்டா என்பது கனடாவை ஒட்டிய மாநிலம். குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்து போகும். வைக்கிங்ஸ் அணி அன்று ஆடியது கூரையில்லாத திறந்த மைதானத்தில். அந்த அணியின் தடுப்பு வரிசையில் நால்வர்: கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன், ஆலன் பேஜ். அணியின் சீருடை ஊதா நிறம். அதனால் ஒரு பழைய வேடிக்கைப் பாட்டின் பெயரை எடுத்து, 'பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்ஸ்' என்று ரசிகர்கள் இவர்களை அழைத்தார்கள். ஆளைத் தின்னும் ஊதா அரக்கர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பேஜின் தனிச்சிறப்பு அவருடைய முதல் அடி. பந்து அசைவதற்கும் அவர் கால் எடுப்பதற்கும் இடைவெளியே தெரியாது. அவரைவிடக் கனமானவர்கள் எதிரே நின்றாலும், அவர்கள் நிமிர்வதற்குள் இவர் பக்கவாட்டில் புகுந்திருப்பார். 1971 டிசம்பரில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியோடு நடந்த ஓர் ஆட்டத்தைப் பழைய ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். நடுவர்கள் அடுத்தடுத்து அவர்மீது குற்றம் சாட்டித் தண்டனை கொடுத்தார்கள். தவறான தீர்ப்பு என்று அவருக்குக் கோபம். அதன் பிறகு சில நிமிடங்கள் எதிரணியால் அவரை நிறுத்தவே முடியவில்லை. வாயால் வாதாடவில்லை, ஆட்டத்தால் பதில் சொன்னார்.

அந்த 1971ஆம் ஆண்டுதான் அவருக்கு என்எஃப்எல் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை அசோசியேட்டட் பிரஸ் வழங்கியது. அந்த விருதைப் பெற்ற முதல் தடுப்பாட்டக்காரர் அவர். அவருக்குப் பிறகு 1986இல் லாரன்ஸ் டெய்லர் என்ற ஒரே ஒரு தடுப்பாட்டக்காரருக்குத்தான் அது கிடைத்திருக்கிறது. காலைப் பிடித்து மடக்குபவரையும் ஒருமுறை ஊர் திரும்பிப் பார்த்தது என்று சொல்லலாம்.

15 பருவங்கள், 218 ஆட்டங்கள். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. எலும்பு முறிவது சாதாரணமான ஒரு விளையாட்டில் இது எப்பேர்ப்பட்ட வருகைப் பதிவேடு என்று யோசியுங்கள்! வகுப்பில் நூற்றுக்கு நூறு வருகை வைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தோல்விகளும் உண்டு. அந்த நாட்டின் மிகப் பெரிய இறுதிப் போட்டி சூப்பர் பவுல். வைக்கிங்ஸ் அணி பேஜ் இருந்த காலத்தில் 1970, 1974, 1975, 1977 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை அந்த மேடை ஏறியது. நான்கிலும் தோற்றது.

இன்னொரு வேடிக்கை. பந்து எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தால் அதற்கு 'சாக்' என்று பெயர். தடுப்பாட்டக்காரரின் மதிப்பெண் அதுதான். அதை ஆள்வாரியாக அதிகாரபூர்வக் கணக்கில் எழுத என்எஃப்எல் தொடங்கியது 1982இல். பேஜ் ஓய்வு பெற்றது 1981இல்! பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்த ஆய்வாளர்கள் அவர் கணக்கில் 148.5 சாக் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் லீகின் அதிகாரபூர்வ ஏட்டில் அவருக்கு அந்த வரிசையே கிடையாது. விடைத்தாள் திருத்தும் முறையே வருவதற்கு முன் தேர்வு எழுதி முடித்துவிட்ட மாணவர் மாதிரி.

இனி நான் இந்தப் பதிவை எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

வைக்கிங்ஸ் அணியில் ஒரு நாள் தடுப்பு வரிசை வீரர்களின் கூட்டம். ஆட்ட உத்திகள் அடங்கிய புத்தகம் ஒன்று எல்லோரிடமும் இருக்கும். அதை ஒவ்வொருவராக உரக்க வாசிக்கச் சொன்னார்கள். சிலர் சரளமாக வாசித்தார்கள். சிலர் எழுத்துக் கூட்டித் தடுமாறினார்கள். சிலரால் வாசிக்கவே முடியவில்லை. இத்தனைக்கும் அவர்கள் கல்லூரிக்குப் போய் வந்தவர்கள்! பேஜ் இந்தச் சம்பவத்தைப் பின்னாளில் மேடைகளில் சொல்லியிருக்கிறார். தன் வாழ்க்கையின் நோக்கத்தைத் தெளிவாக்கிய நாட்களில் அதுவும் ஒன்று என்கிறார்.

கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். ஒரு பையன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, பள்ளி முடித்து, கல்லூரிக்கும் போய் வருகிறான். வழி நெடுகிலும் எத்தனை ஆசிரியர்கள், எத்தனை தேர்வுகள்! எல்லோரும் அவனை அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிட்டார்கள். ஏன்? அவன் சனிக்கிழமை ஆட்டத்தில் தேவைப்பட்டான். அவன் தோளைக் கவனித்த அளவுக்கு அவன் நோட்டை யாரும் கவனிக்கவில்லை. முழங்கால் ஒருநாள் உடைந்தால் அவனிடம் மிஞ்சுவது என்ன? கையெழுத்துப் போடத் தரும் ஒப்பந்தத்தைக்கூட அவனால் வாசிக்க முடியாது. இது மக்குப் பையனின் கதை இல்லை. ஏமாற்றப்பட்ட பையனின் கதை.

பேஜ் அந்தக் கூட்டத்தில் சரளமாக வாசிக்கத் தெரிந்தவர். ஆனாலும் அது அவரை உறுத்தியது. அவருக்குள் சட்டப் படிப்பு ஆசை ஏற்கெனவே இருந்ததே! ஆட்ட வாழ்க்கையின் தொடக்கத்திலேயே ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்து, தாக்குப்பிடிக்க முடியாமல் சில வாரங்களில் விட்டுவிட்டார். ஆனால் ஆசையை விடவில்லை. பின்னர் மினசோட்டா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். ஒரு பக்கம் பயிற்சி, ஆட்டம், வெளியூர்ப் பயணம். இன்னொரு பக்கம் வகுப்பு, வழக்குத் தொகுப்பு, தேர்வு. 1978இல் சட்டப் பட்டம் வாங்கினார். கூடவே வீரர்கள் சங்கத்தில் அணியின் பிரதிநிதி, சங்க நிர்வாகக் குழு உறுப்பினர் என்ற பொறுப்புகள் வேறு. 1974இல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர் அந்த நிர்வாகக் குழுவில் இருந்தார்.

அதே 1978இல்தான் வைக்கிங்ஸ் அணி அவரை நடுப்பருவத்தில் வெளியே அனுப்பியது. காரணம், உடல் எடை! அவருடைய மனைவி டயான் புகைப்பழக்கத்தை விடுவதற்காக ஓடத் தொடங்கினார். துணைக்கு இவரும் ஓடினார். ஓட்டம் பிடித்துப்போனது. சுமார் 110 கிலோ இருந்தவர் பத்து கிலோ அளவுக்கு இளைத்துவிட்டார். அந்த இடத்தில் நின்று ஆட இந்த எடை போதாது என்று அணி நிர்வாகம் கருதியது. சிகாகோ பேர்ஸ் அணி வெறும் 100 டாலர் கட்டி அவரை எடுத்துக்கொண்டது. அங்கே மேலும் மூன்றரைப் பருவங்கள் ஆடி 40 சாக் எடுத்தார். இடையில் 1979இல் ஒரு முழு மராத்தானும் ஓடி முடித்தார். ஆடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே மராத்தான் ஓடிய முதல் என்எஃப்எல் வீரர் அவர்தான். ஆட்டம் இல்லாத மாதங்களில் மினியாபொலிஸ் நகரில் வழக்கறிஞராக வேலை பார்த்தார்.

ஓய்வுக்குப் பிறகு மாநில அரசின் சட்டத் துறையில் உதவி அட்டர்னி ஜெனரலாகப் பணி. அடுத்த படி, நீதிபதி. அந்த மாநிலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் பதவியில் இருப்பவர் நடுவிலேயே ஓய்வு பெறுவார், ஆளுநர் தன் விருப்பப்படி ஒருவரை நியமிப்பார். 1992இல் பேஜ் போட்டியிட வந்தபோது, பதவியில் இருந்த நீதிபதியின் காலத்தை ஆளுநர் நீட்டித்தார். அதனால் தேர்தலே இல்லை என்றார்கள். பேஜ் ஆளுநர்மீதே வழக்குப் போட்டார். மக்களின் ஓட்டுரிமையை இப்படித் தட்டிப் பறிக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. தேர்தல் நடந்தது. பேஜ் வென்றார்.

1993 ஜனவரியில் மினசோட்டா உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆனார். 1998, 2004, 2010 என மேலும் மூன்று முறை மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 70 வயதில் நீதிபதிகள் கட்டாய ஓய்வு பெற வேண்டும் என்ற விதிப்படி 2015இல் இறங்கினார். கணக்குப் பாருங்கள்: தொழில்முறை ஆட்டத்தில் 15 பருவங்கள், நீதிபதி நாற்காலியில் 22 ஆண்டுகளுக்கு மேல்.

என் நெஞ்சைத் தொட்ட நிகழ்ச்சி 1988இல் நடந்தது. ஃபுட்பால் வீரர்களுக்கான புகழ்மன்றம் கேன்டனில் இருக்கிறது. ஆம், பேஜ் பிறந்த அதே கேன்டன். அந்தக் கட்டடம் எழும்பியபோது பள்ளி மாணவராக அங்கே கட்டுமான வேலை செய்தவர் அவர். தான் வேலை செய்த கட்டடத்துக்குள் தன் சிலையும் வைக்கப்படும் நாள் அது. ஒவ்வொரு வீரரையும் அறிமுகம் செய்து பேச ஒருவரை அவரவரே அழைக்கலாம். பொதுவாகப் பயிற்சியாளரையோ சக வீரரையோ அழைப்பார்கள். பேஜ் அழைத்தது வில்லரீன் பீஸ்லி என்ற அம்மையாரை. அவர் மினியாபொலிஸ் நகரப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை! மேடையேறிய பேஜ் தன் ஆட்டங்களைப் பற்றிப் பேசாமல் கல்வியைப் பற்றிப் பேசினார். பிள்ளைகளுக்கு, அதிலும் கறுப்பினப் பிள்ளைகளுக்கு, விளையாட்டுக் கனவை மட்டும் காட்டிவிட்டு வாசிக்கக் கற்றுத்தராமல் விடுவதைப் பற்றிப் பேசினார். ஒரு தலைமை ஆசிரியைக்கு அந்த மேடையில் இடம் கிடைத்ததை நினைத்தால், கரும்பலகையைத் தொட்ட எவருக்கும் கண் கலங்கும்.

அதே ஆண்டு டயானும் அவரும் சேர்ந்து பேஜ் கல்வி அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். மினசோட்டாவில் வெள்ளையினம் அல்லாத மாணவர்களுக்கு மேல்படிப்பு உதவித்தொகை. அதில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். பணம் பெறும் மாணவர் ஆண்டுக்கு 50 மணி நேரம் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்கள் படிக்க உதவ வேண்டும். வாங்குகிற கையே கொடுக்கிற கையாகவும் ஆகிவிடுகிறது. தன்னைப் போல இருக்கும் ஒரு அண்ணனோ அக்காவோ கல்லூரியில் படிப்பதை அந்தச் சின்னப் பிள்ளை நேரில் பார்க்கிறது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் இப்படிப் படித்திருக்கிறார்கள்.

பேஜின் இடது கைச் சுண்டுவிரல் ஆட்டத்தில் அடிபட்டு, செங்கோணத்தில் வெளியே மடங்கி நிற்கும். பள்ளிகளுக்குப் போனால் பிள்ளைகள் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான். ஆசிரியையான தன் மகளோடு சேர்ந்து அந்த விரலை வைத்தே குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் எழுதினார்! 2017இல் மினியாபொலிஸ் நடுநிலைப் பள்ளி ஒன்றுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. அதற்கு முன் அந்தப் பள்ளி அலெக்சாண்டர் ராம்ஸி என்ற பழைய ஆளுநரின் பெயரில் இருந்தது. டகோட்டா பழங்குடியினரை அழிக்க வேண்டும், இல்லையேல் மாநிலத்தை விட்டே துரத்த வேண்டும் என்று 1862இல் சொன்னவர் அவர். அந்தப் பெயர் வேண்டாம் என்று கிளம்பியவர்கள் அந்தப் பள்ளி மாணவர்களே. வரலாறு படிப்பது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

2018 செப்டம்பரில் டயான் காலமானார். அடுத்த இரண்டு மாதத்துக்குள், அமெரிக்காவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கம் பேஜுக்கு வழங்கப்பட்டது. அந்த விருதில் பாதி அந்த அம்மையாருக்குச் சேர வேண்டியது என்பது என் எண்ணம்.

அவர் எல்லாவற்றிலும் வென்றார் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. 2020இல், காஷ்மீரிப் பெற்றோருக்குப் பிறந்த நீல் காஷ்காரி என்ற மத்திய வங்கி அதிகாரியோடு சேர்ந்து ஒரு முயற்சி தொடங்கினார். தரமான கல்வி ஒவ்வொரு பிள்ளையின் அடிப்படை உரிமை என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுத வேண்டும் என்பது கோரிக்கை. அதை எதிர்த்தவர்களில் முக்கியமானது மாநில ஆசிரியர் சங்கம்! பழைய வாசகத்தை மாற்றினால் பொதுப் பள்ளிக்குப் போகும் பணம் தனியார் பள்ளிக்குத் திரும்பிவிடும் என்பது சங்கத்தின் அச்சம். அந்த அச்சத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அந்தச் சட்டத் திருத்தம் இன்னும் நிறைவேறவில்லை. வாசிக்கத் தெரியாமல் வகுப்பு மாறும் பிள்ளைகளும் இன்னும் இருக்கிறார்கள்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பலர் பெற்றோர். 'அவன் விளையாட்டுப் பிள்ளை சார், படிப்பு வராது' என்ற சொல்லை ஆசிரியர் அறைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பிள்ளை மைதானத்தில் ஓடட்டும், கோப்பை வாங்கட்டும், நாமும் கைதட்டுவோம். அதோடு வாரத்தில் ஒருநாள் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பக்கம் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அங்கிருந்து தொடங்குங்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகும் அந்தப் பிள்ளையோடு இருக்கப்போவது அந்த வாசிப்புதான்.

உங்கள் தெருவிலோ பள்ளியிலோ ஆட்டத்தையும் படிப்பையும் சேர்த்துப் பிடித்த பிள்ளைகள் இருந்தால், அவர்களைப் பற்றிக் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் வாசிப்பேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்